முக்கால் கம்பம்

“அசையாதீங்க! அப்படியே பிடிச்சுக்குங்க!”

நீதிமன்ற உத்தரவுகளைக் கொண்டுசேர்க்கும் அமீனா புல்வெளியைக் குறுக்கே மிதித்துக்கொண்டு ஓடி வந்தார். கையில் ஒரு தாள். கம்பத்தின் அடியில் இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்திருந்த கொடிக்காரர் அண்ணாந்து பார்த்தார். கொடி உச்சியிலிருந்து கால் பங்கு இறங்கியிருந்தது. அரைக்கம்பத்துக்கு வர இன்னும் அதே அளவு இறங்க வேண்டும்.

“எதை அசைக்கக் கூடாது? கொடியையா, என்னையா?”

“ரெண்டையும்தான். கோர்ட் உத்தரவு. இப்ப என்ன நிலைமை இருக்கோ அதே நிலைமை தொடரணும். மறு உத்தரவு வர்ற வரைக்கும்.”

“சரி. கயித்தைக் கொக்கியில ரெண்டு சுத்து சுத்திட்டு உக்காந்துக்கறேன்.”

“சுத்தக் கூடாது. நான் வந்தப்ப கயிறு உங்க கையில இருந்துச்சு. அதுதான் இருக்கிற நிலைமை.”

“மூக்கு அரிச்சா?”

அமீனா தாளை மறுபடி படித்தார். “மூக்கைப் பத்தி ஒண்ணும் சொல்லல” என்றார்.

கொடிக்காரர் செயலகத்தின் நெற்றியில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மதியம் தாண்டியிருந்தது. ஐந்து மணிக்குப் பதிவாளர் அலுவலகத்தை மூடிவிடுவார்கள். அதற்குள் அவருக்குக் கல்யாணம்.

காலையில் யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. சட்டமன்றத்தின் பழைய தலைவர் ஒருவர் தூக்கத்திலேயே இறந்துபோனார். நிறைய வயது. உயிரோடு இருந்த காலத்தில் அமைச்சர்களைக் கேள்வி கேட்டுக் கேட்டே ஒரு அமைச்சரவையைக் கவிழ்த்தவர். சட்டமன்றம் கூடி, கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கொடி விஷயத்தில் உத்தரவு போட வேண்டியது அமைச்சரவை, சட்டமன்றம் அல்ல என்று செயலகம் சொன்னது. அமைச்சரவை உத்தரவு போடவுமில்லை. யாரோ ஒரு வக்கீல் நீதிமன்றத்துக்குப் போனார்.

கம்பம் இருந்த இடம் அப்படி. செயலகம், சட்டமன்றம், நீதிமன்றம் மூன்றும் ஒரே வளாகத்தில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. நடுவில் கம்பம். கம்பம் செயலகத்துடையது. கம்பம் நிற்கும் சிமெண்டு மேடை சட்டமன்றத்துடையது. மேடையைச் சுற்றிய புல் நீதிமன்றத்துடையது. கொடி மட்டும் ஒன்றிய அரசுடையது. அதைப் பார்த்துக்கொள்ள நாலாவது பக்கத்துக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஒரு ஒன்றிய அதிகாரி இருந்தார். அவர் கீழே இறங்குவதில்லை. இறங்கினால் மாநிலத்தின் தரையில் நிற்க வேண்டியிருக்கும். சொல்ல வேண்டியதை ஜன்னலிலிருந்து சொல்வார்.

தீர்மானம் வந்ததும் சட்டமன்றத்தின் அவைக்காவலர் வெள்ளை உடுப்போடு வந்து, “இறக்குய்யா” என்றார். கொடிக்காரர் இறக்கினார். செயலகக் கண்காணிப்பாளர் படியிறங்கி ஓடிவந்து, “யாரைக் கேட்டு இறக்கின? ஏத்து” என்றார். ஏற்றினார்.

“ஏம்ப்பா, உனக்குச் சம்பளம் குடுக்கறது யாரு?”

“நீங்கதான் சார்.”

“இவங்களா குடுக்கறாங்க?” என்றார் அவைக்காவலர். “அந்தப் பணத்துக்குக் கை தூக்கி ஓட்டுப் போட்டது எங்க ஆளுங்க. நாங்க கை தூக்கலைன்னா இவர் கையை விரிக்க வேண்டியதுதான். இறக்குய்யா.”

“அதுல பாதி நாங்க அனுப்பறது!” என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. “எங்க உத்தரவு இல்லாம யாரும் கொடியைத் தொடக் கூடாது!”

கொடிக்காரர் யார் சொல்வதையும் மறுக்கவில்லை. யார் கிட்ட நின்று கத்தினார்களோ அவர்கள் சொன்னபடி செய்தார். மூன்றாவது முறை இறக்கும்போதுதான் அமீனா வந்து சேர்ந்தார்.

கொடிக்காரருக்கு நாற்பத்தெட்டு வயது. அவர் இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் ஒரு பாலம். அதற்கு முன் ஆற்றில் ஓடிய பயணிகள் படகில் கயிறு வீசுபவராக இருந்தார். படகு கரையை நெருங்கும்போது கயிற்றை வீசி, கரையிலிருக்கும் கட்டையில் மாட்டி இழுக்க வேண்டும். குறி தப்பியதில்லை. ஆற்றின் குறுக்கே ஒன்றிய அரசு பாலம் கட்டியது. பாலம் வந்ததும் மாநில அரசு படகை நிறுத்தியது. வேலை போனவர்களுக்கு வேறு வேலை தர வேண்டும் என்று சட்டமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் சரி, அதற்கு விதிகள் எழுதாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று செயலகம் சொன்னது. விதிகளை எழுதுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. செயலகம் எழுதியது, மெதுவாக. எழுதி முடித்தபோது படகுக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் பிழைக்கப் போயிருந்தார்கள். இவர் ஒருவர்தான் பழைய முகவரியிலேயே இருந்தார். அக்கா வீடு. அக்கா பேருந்தில் நடத்துநர். அவர் சம்பளத்தில்தான் வீடு நடந்தது.

அந்த இடைவெளியில் தம்பியின் கல்யாண வயது போய்விட்டது. பெண் வீட்டார் வந்து, “மாப்பிள்ளை என்ன பண்றார்?” என்று கேட்பார்கள். “விதிகள் எழுதிட்டு இருக்காங்க” என்று அக்கா சொல்வார். அவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

கயிறு தெரிந்த ஆள் என்று கம்பத்தடிக்கு அனுப்பினார்கள். காலையில் ஏற்ற வேண்டும், சூரியன் மறையும்போது இறக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதை அவர் பெரிய மரியாதையோடு செய்தார்.

காற்றில் கொடியின் ஓரம் சீக்கிரம் பிரிந்துவிடும். பிரிந்தால் ஒன்றிய அலுவலகத்துக்குத் தெரிவித்துப் புதுக் கொடி வாங்க வேண்டும். தெரிவித்தார். மழைக்காலம் போய் வெயில் வந்து மறுபடி மழைக்காலம் வந்தது. கொடி வரவில்லை. ஒரு நாள் மாலை இறக்கிய கொடியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பின்வாசலுக்கு எதிரே இருந்த தையல் கடைக்குப் போனார்.

தையல்காரம்மா கணவரை இழந்தவர். வக்கீல்களின் கறுப்பு அங்கி, அவைக்காவலர்களின் வெள்ளை உடுப்பு, செயலக ஊழியர்களின் கால்சட்டை எல்லாம் அவர் கடையில்தான் தைத்தார்கள். வளாகத்தில் இருந்த அத்தனை பேருடைய இடுப்பும் அவருக்கு அத்துப்படி. கொடியை விரித்துப் பார்த்துவிட்டு, “இதுக்கு யார் பேர்ல பில் போடறது?” என்று கேட்டார்.

“என் பேர்ல போடுங்க.”

“நாடே உங்க பேர்லயா இருக்கு?”

அப்படித் தொடங்கியது. அதற்குப் பிறகு கொடியின் ஓரம் முன்பைவிடச் சீக்கிரம் பிரிய ஆரம்பித்தது. அவர் கடைக்குப் போய்த் தையல் முடியும்வரை உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் தையல்காரம்மா எந்திரத்தை நிறுத்திவிட்டு, “ஓரம் நல்லாத்தான் இருக்கு. நீங்களே பிரிச்சிருக்கீங்க” என்றார். கொடிக்காரர் ஒப்புக்கொண்டார். கல்யாணம் முடிவானது.

இதற்கு முன் இரண்டு தடவை நாள் குறித்தார்கள். முதல் தடவை ஒரு வெளிநாட்டு விருந்தாளி முன்னறிவிப்பில்லாமல் வந்துவிட்டார். பக்கத்தில் இன்னொரு கொடி ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை புயல். கொடி கம்பத்தில் சுற்றிக்கொண்டது, ஏணி வரவில்லை. இரண்டு தடவையும் தையல்காரம்மா புதுச்சேலை கட்டிக்கொண்டு பதிவாளர் அலுவலகத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார். இரண்டாம் தடவை திரும்பும்போது சொன்னார்:

“மூணாவது தடவையும் கொடிதான் காரணம்னா, அதையே கட்டிக்கிட்டு இருங்க. என் கடைப் பக்கம் வராதீங்க.”

சொன்னால் சொன்னதுதான். வெட்டிய துணியை அவர் மறுபடி ஒட்டியதில்லை.

மூன்று மணிக்கு மேல் அக்கா வந்தார். பணி ஓய்வு பெற்றுவிட்டாலும் குரல் ஓய்வு பெறவில்லை. வாசலிலிருந்தே கேட்டது.

“டேய்! அங்க அவ வந்து உக்காந்திருக்கா. நீ இங்க என்னடா கயிறு இழுத்துட்டு இருக்கே?”

“இழுக்கலக்கா. பிடிச்சுட்டு இருக்கேன். கோர்ட் உத்தரவு.”

“கோர்ட்டா? நீ என்ன பண்ணினே?”

“ஒண்ணும் பண்ணல. அதைத்தான் தொடர்ந்து பண்ணச் சொல்லியிருக்காங்க.”

அக்கா கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, “குடு இங்க. நான் பிடிச்சுக்கறேன். நீ ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வா” என்று மேடையில் ஏறினார்.

“தொடாதீங்க!” என்று நான்கு குரல்கள் ஒன்றாக எழுந்தன. அன்று முழுவதும் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். நியமன உத்தரவு இல்லாதவர் கயிற்றைத் தொட முடியாது என்றார் கண்காணிப்பாளர். அனுமதிச் சீட்டு இல்லாதவர் மேடையில் நிற்க முடியாது என்றார் அவைக்காவலர். ஆள் மாறினால் நிலைமை மாறும் என்றார் அமீனா. பயிற்சி பெறாதவர் என்றது ஜன்னல்.

“முப்பது வருஷம் ஓடற பஸ்ஸில ஒத்தைக் கையால கம்பியைப் பிடிச்சுட்டு டிக்கெட் கிழிச்சவ நான். எனக்குப் பயிற்சி இல்லையா?” என்றார் அக்கா. அக்கா ஆட்டோ பிடித்துத் திரும்பிப் போனார்.

காற்று கிளம்பியது. கொடி பெரியது. இழுக்கும்போது தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. கண்காணிப்பாளரும் அவைக்காவலரும் ஆளுக்கொரு நாற்காலி வரவழைத்து எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒருவர் எழுந்து போனால் மற்றவர் எதையாவது செய்துவிடுவார் என்ற பயம். தேநீர் வந்தது. கொடிக்காரருக்கு அமீனா ஊதி ஆற்றி வாயில் ஊற்றினார்.

“நீங்களே கோர்ட்ல போய், இந்த ஆளு கயித்தைக் கட்டலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வரலாம்ல?” என்றார் கொடிக்காரர்.

“நீதிபதியை நான் கேள்வி கேக்க முடியாது. யாராவது மனு போடணும்.”

“நீங்க போடுங்களேன் சார்” என்று கண்காணிப்பாளரைப் பார்த்தார்.

“நான் போட்டா, கொடி விஷயத்துல கோர்ட் சொல்றதை நாங்க ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

அவைக்காவலர் கேட்காமலே சொன்னார்: “நாங்களும் போட மாட்டோம். எங்க தீர்மானத்தை எவனும் விசாரிக்க முடியாது.”

ஆட்டோ ஒன்று வாசலில் நின்றது. தையல்காரம்மா இறங்கி நேராக மேடைக்கு வந்தார். மூன்றாவது புதுச்சேலை. பின்னால் அக்கா.

“ஆக, மூணாவது தடவையும் கொடி.”

கொடிக்காரர் தலையைக் குனிந்தார். “உத்தரவை மீறினா ஜெயில்னு சொல்றாங்க.”

“உத்தரவு போட்டவங்க நாலு பேரு. உங்களுக்குன்னு ஒரு யோசனை கிடையாதா?”

அவர் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு இடது கை விரல்களைத் தளர்த்தினார். கயிறு ஒரு சாண் நழுவியது. அமீனா பதறி எழுந்தார்.

“விட்டுட்டு வந்துடறேன்” என்றார் கொடிக்காரர். “ஜெயில்னா ஜெயில். கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். வாங்க போலாம்.”

வலது கையும் தளர்ந்தது. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தையல்காரம்மாவுக்குத் தெரிந்தது.

“பிடிங்க, பிடிங்க” என்றார் அவசரமாக. “கல்யாணம் முடிஞ்ச கையோட ஜெயில் வாசல்ல நிக்க எனக்கு நேரமில்ல. ஸ்கூல் யூனிஃபார்ம் அம்பது கிடக்கு.” அக்காவிடம் திரும்பினார். “அக்கா, பதிவாளரை இங்க கூட்டிட்டு வர முடியுமா?”

“வரலைன்னா தூக்கிட்டு வர்றேன்” என்றார் அக்கா.

பதிவாளர் அக்காவின் ஆட்டோவிலிருந்து தானாகவே இறங்கி வந்தார். ஒல்லியானவர். பெரிய பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். அலுவலகத்துக்கு வெளியே வைத்துப் பதிவு செய்யச் சட்டத்தில் இடம் இருப்பதாகச் சொன்னார். ஆனால் அந்த இடத்துக்குப் பொறுப்பான அதிகாரி ஆட்சேபிக்கக் கூடாது.

“இந்த இடத்துக்கு யார் பொறுப்பு?” என்று கேட்டார்.

“நான்” என்றார்கள் கண்காணிப்பாளரும் அவைக்காவலரும். “நான்” என்றது ஜன்னல். அமீனா மட்டும், “விசாரணையில இருக்கு” என்றார்.

பதிவாளர் பதிவேட்டை மூடிக்கொண்டு ஆட்டோவைப் பார்த்தார்.

மாமியார் ரவிக்கையின் கழுத்தை ஏற்றச் சொல்வார், மகள் இறக்கச் சொல்வாள், நடுவில் மருமகள் கை வைக்காதே என்பாள். மூன்று பேரையும் வைத்துக்கொண்டு ஒரே ரவிக்கையை வெட்டிப் பழகியவர் தையல்காரம்மா. முதலில் கண்காணிப்பாளரிடம் போனார்.

“சார், இங்க கல்யாணம் நடக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னா அது செல்லுமா?”

“ஏன் செல்லாது? கம்பம் எங்களுது.”

“மேடை எங்களுது!” அவைக்காவலர் நாற்காலியை விட்டு எழுந்தார். “எங்க மேடையில என்ன நடக்கணும்னு செயலகம் சொல்றதா? அந்த அதிகாரம் இவருக்குக் கிடையாது.”

“அப்ப இவர் தடுத்தா செல்லாது?”

“செல்லவே செல்லாது.”

“பதிவாளர் சார், கேட்டுக்கிட்டீங்கல்ல?” அவைக்காவலரிடம் திரும்பினார். “நீங்க தடுத்தா?”

“இவங்க எப்படித் தடுப்பாங்க?” கண்காணிப்பாளரின் முகம் சிவந்துவிட்டது. “பதிவாளர் அரசாங்க ஊழியர். அரசாங்க ஊழியர் வேலை செய்யறதைச் சட்டமன்றம் தடுக்க முடியாது. அவங்க வேலை சட்டம் போடறது. அதோட நிறுத்திக்கணும்.”

“அவங்க சட்டமே போட முடியாது!” என்றது ஜன்னல். “கல்யாணச் சட்டம் ஒன்றியச் சட்டம்! மாநிலத்துல எவனும் அதைத் தடுக்க முடியாது!”

“நீங்க தடுக்கலாமா சார்?” என்று தையல்காரம்மா அண்ணாந்து கேட்டார்.

“சட்டம் போடறதோட அவர் வேலை முடிஞ்சுது” என்றார்கள் கண்காணிப்பாளரும் அவைக்காவலரும். “பதிவு பண்றது மாநிலம்.”

ஜன்னலில் இருந்த தலை உள்ளே போனது.

மிச்சம் அமீனா. அவர் தாளை மடித்து விரித்துக்கொண்டிருந்தார். “இங்க எது நடந்தாலும் நிலைமை மாறும்னு நான் நினைக்கிறேன்” என்றார், ரொம்பத் தயங்கி.

“அண்ணே, அந்த உத்தரவு கொடியைப் பத்தியா, என்னைப் பத்தியா?”

“கொடியைப் பத்தி.”

“நான் முப்பத்தாறு இடுப்புன்னு உங்களுக்குக் கால்சட்டை தைச்சா, நீங்க அதை நாப்பத்துநாலுக்காரருக்கு மாட்டுவீங்களா?”

நாற்பத்துநாலுக்காரரான கண்காணிப்பாளர் வேறு பக்கம் பார்த்தார். ஆனால் அமீனாவை அவரும் விடவில்லை. “கோர்ட் கல்யாணத்தையெல்லாம் நிறுத்த ஆரம்பிச்சா அப்புறம் நாங்க எதுக்கு?” என்றார். “அதானே?” என்றார் அவைக்காவலர். “அதானே!” என்றது ஜன்னல். அமீனா தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“அப்ப யாரும் ஆட்சேபிக்கலையா?” என்றார் பதிவாளர். அவருக்குத் தலை சுற்றியது.

“ஆட்சேபிக்கிற அதிகாரம் யாருக்குமே இல்லன்னு அவங்களே சொல்லிட்டாங்க சார். திறங்க.”

கொடிக்காரர் கயிறு இரண்டையும் இடது கையில் சுற்றிக்கொண்டு வலது கையை விடுவித்தார். விரல்கள் நிமிரவில்லை. தையல்காரம்மா ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேனாவை வைத்தார். அவர் கையெழுத்துப் போடும் நேரம் பார்த்துக் காற்று ஒரு வீச்சு வீசியது. கொடி படபடவென்று அடித்துக்கொண்டு மேலே போக முயன்றது. கொடிக்காரரின் குதிகால்கள் மேடையிலிருந்து எழும்பின. அக்கா பின்னாலிருந்து அவர் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டார்.

“வாரைப் பிடிக்கலாமா?” என்றார் அவைக்காவலர்.

“நான் அந்தப் பக்கம் பாத்துட்டு இருக்கேன்” என்றார் அமீனா.

கையெழுத்து கொஞ்சம் கோணலாக, ஆனால் அவருடையதாகவே விழுந்தது. தையல்காரம்மா போட்டார். சாட்சிகள் மூன்று பேர் வேண்டும். அக்கா ஒருவர். மற்ற இரண்டு இடத்துக்கு மூன்று பேர் முந்தினார்கள். சட்டமன்றம்தான் முதலில் என்றார் அவைக்காவலர், மக்கள் தேர்ந்தெடுத்தது என்பதால். கண்காணிப்பாளர் பேனாவை ஏற்கெனவே கையில் வைத்திருந்தார். அக்கா குரலை உயர்த்தினார்.

“தள்ளாதீங்க! முன்னாடி நிக்கறவங்க முன்னாடி! கோர்ட்காரர் வழி விடுங்க!”

அமீனா வழி விட்டார். வழக்கு நடக்கும் விஷயத்தில் தான் சாட்சியாக இருக்க முடியாது என்று அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மற்ற இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

“நானும் பாத்தேன்!” என்றது ஜன்னல். “பதிவேட்டை மேல அனுப்புங்க!”

“பதிவேடு என் கையை விட்டுப் போகக் கூடாது சார்” என்றார் பதிவாளர். “நீங்க இறங்கி வாங்க.”

ஒன்றிய அதிகாரி கீழே தரையைப் பார்த்தார். பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மணி ஐந்தாகிவிட்டிருந்தது. பதிவாளர் போனார். தையல்காரம்மா போகவில்லை. கயிற்றைத் தொடாமல், மேடையின் விளிம்பில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்.

“ஓரம் பிரிஞ்சிருக்கு” என்றார்.

“இந்தத் தடவை நான் பிரிக்கல.”

“தெரியும். காத்து பிரிச்சா வேற மாதிரி இருக்கும்.”

வெயில் மங்கும் நேரத்தில் நீதிமன்றத்திலிருந்து இன்னொரு தாள் வந்தது. மனு போட்ட வக்கீலே போய்க் கேட்டிருக்கிறார். முந்தைய உத்தரவு கொடியைப் பற்றியது, கயிற்றைப் பிடித்திருக்கும் ஆளைப் பற்றியது அல்ல என்று நீதிபதி தெளிவுபடுத்தியிருந்தார். கொடிக்காரர் கயிற்றைக் கொக்கியில் சுற்றிக் கட்டினார். கட்டி முடித்ததும் கண்காணிப்பாளர், “சூரியன் மறைஞ்சாச்சு, இறக்கு” என்றார். கொடிக்காரர் அமீனாவையும் அவைக்காவலரையும் பார்த்தார். அவர்கள் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தார்கள். அவர் அவிழ்த்து இறக்கினார்.

மறுநாள் தூறல். நீதிமன்றம் கூடியது. மனுதாரர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அமைச்சரவை முந்தின இரவே கூடி, சட்டமன்றம் சொன்னதற்காக அல்ல, தானாகவே என்று குறிப்பிட்டு, கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட உத்தரவு போட்டிருந்தது. உத்தரவு தாமதம் என்று சட்டமன்றத்தில் கண்டித்தார்கள். ஒன்றிய அரசு அதை ஏற்பதாகத் தந்தி போல ஒரு வரி அனுப்பியது. கொடிக்காரர் இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றிக்கொண்டு வந்தார். கொடியை உச்சிவரை ஏற்றி, பிறகு பாதிக்கு இறக்கிக் கட்டினார். தையல் கடை வழக்கமான நேரத்துக்குத் திறந்தது. பணி நேரத்தில் சொந்த வேலை பார்த்தது ஏன் என்று கேட்டுக் கண்காணிப்பாளர் ஒரு குறிப்பு அனுப்பினார். கொடிக்காரர் அதை வாங்கிக்கொண்டார். மதியம் மழை விட்டது. அவர் பின்வாசல் வழியாகச் சாப்பிடப் போனார்.